நண்பகலுக்கு முன் புகைத்ததுண்டா?

பிரான்சில் பாதுகாப்பு, குடியுரிமை பற்றிச் சொல்லித்தரும் ஒருநாள் நிகழ்ச்சிக்கு இளைஞர்கள் எல்லோரும் போயாக வேண்டும். அங்கே வரும் 17 வயதினரிடம் புகை, மது, போதைப்பழக்கம் பற்றி அவ்வப்போது ஒரு வினாத்தாள் கொடுக்கிறார்கள். 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வு இது. தாளில் பெயர் எழுத வேண்டியதில்லை.

கஞ்சா புகைத்தவர் எத்தனை பேர் என்று எண்ணுவது எளிது. அவர்களில் யாரைக் கஞ்சா பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அறிவதுதான் கடினம். அதற்காக அந்நாட்டு ஆய்வாளர்கள் 2002இல் ஆறே கேள்விகள் கொண்ட சல்லடை ஒன்றை உருவாக்கினார்கள். ‘காஸ்ட்’ என்பது அதன் சுருக்கப்பெயர். கடந்த 12 மாதங்களில் கஞ்சா புகைத்தவர்களுக்கு மட்டுமே அந்தக் கேள்விகள்.

நண்பகலுக்கு முன் புகைத்ததுண்டா? தனியாக இருக்கும்போது? நினைவாற்றல் குறைந்ததா? குறைத்துக்கொள் என்று நண்பரோ வீட்டாரோ சொன்னார்களா? குறைக்க முயன்றும் முடியாமல் போனதா? சண்டை, விபத்து, மதிப்பெண் சரிவு போன்ற தொல்லைகள் வந்தனவா?

எத்தனை கிராம் என்ற கேள்வியே இதில் இல்லை. முதல் இரண்டு கேள்விகளின் நுட்பம் என்னை வியக்க வைக்கிறது. சனிக்கிழமை இரவு நண்பர்களோடு புகைக்கும் பையனுக்குக் கூட்டமும் கொண்டாட்டமுமே காரணமாக இருக்கலாம். காலையில், யாருமில்லாத அறையில் புகைப்பவனுக்கு அந்தக் காரணங்கள் இல்லை. மனக்கவலையை அடக்கவோ, உறக்கமின்மையையும் எரிச்சலையும் தணிக்கவோ அவன் அதைத் தேடக்கூடும். தொடர்ந்து புகைத்தவர் நிறுத்தும்போது வருவதும் இதே எரிச்சலும் உறக்கமின்மையும்தான்.

நினைவு பற்றிய கேள்விக்கு மூளையில் விடை இருக்கிறது. நம் மூளையே கஞ்சாவை ஒத்த ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டறிந்த ஆய்வாளர்கள், ‘ஆனந்தம்’ என்ற சொல்லிலிருந்து ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். அது வந்து அமரும் ஏற்பிகள், புது நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் நெருக்கமாக இருக்கின்றன. கஞ்சாவில் போதை தரும் டிஎச்சி என்ற பொருள் அதே ஏற்பிகளில் ஏறிக்கொள்வதால், காலையில் நடத்திய பாடம் மனத்தில் நிற்பதில்லை. முன்யோசனைக்கும் தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதற்கும் உரிய மூளையின் முன்பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

ஒவ்வொரு விடைக்கும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘மிக அடிக்கடி’ வரை 0 முதல் 4 மதிப்பெண், மொத்தம் 24. பொதுவாக 7 அல்லது அதற்கு மேல் வந்தால் ஆபத்து அதிகம் என்று கொள்கிறார்கள்.

இந்த எண்ணை நோயின் பெயராக எடுத்துக்கொள்வது பெரும் பிழை. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். புகைத்த 200 பேரில் 30 பேருக்கு உண்மையிலேயே சிக்கல் என்று வைத்துக்கொள்வோம். சிக்கலுள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாகப் பிடித்து, சிக்கலில்லாதவர்களில் நூற்றுக்கு 10 பேரைத் தவறாகச் சுட்டும் வினாத்தாள் என்றால், அது 24 பேரைப் பிடிக்கும், 6 பேரைத் தவறவிடும். சிக்கலே இல்லாத 170 பேரில் 17 பேரையும் சேர்த்துக்கொள்ளும். ஆக, சுட்டப்பட்ட 41 பேரில் 17 பேர் வீணாகச் சுட்டப்பட்டவர்கள். தாளில் பெயரும் வாங்கி, சுட்டப்பட்டவர்களின் பட்டியலைப் பள்ளிப் பலகையில் ஒட்டினால் என்ன ஆகும்? அடுத்த ஆண்டு ஒருவரும் உண்மை எழுத மாட்டார்கள், சல்லடை ஓட்டையாகிவிடும்.

சிறுநீர்ப் பரிசோதனை போதுமே என்று சிலர் சொல்கிறார்கள். நாள்தோறும் புகைத்தவரின் சிறுநீரில் தடயம் வாரக்கணக்கில் தங்கும். அது ‘புகைத்தான்’ என்று மட்டும் சொல்லும். ஏன், எப்போது, யாரோடு என்று சொல்லாது.

மதிப்பெண் உயர்ந்தவருக்கு அடுத்து வேண்டியது, அவர் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்கும் ஒருவர். பிரான்சில் இளையோருக்கென்றே ஆலோசனை மையங்கள் இருக்கின்றன. கட்டணம் இல்லை, பேசியது வெளியே போகாது. பிள்ளை வர மறுத்தால், தாயோ தந்தையோ தனியாகவே போய்ப் பேசலாம்.