ரேஸ் கண்டிஷன்: முந்துநிலையும் முந்துவழுவும்

பல த்ரெட்கள் (ஒரே நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்) ஓடும் சாக்கெட் (வலையமைப்பு இணைப்பின் முனை) நிரல் சோதனையில் ஒழுங்காகத்தான் ஓடும். கூட்டம் சேர்ந்ததும் ஒருவருக்குப் போகவேண்டிய பதில் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். இப்படி, யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விளைவு மாறிப்போவதைத்தான் ரேஸ் கண்டிஷன் என்கிறார்கள்.

லினக்ஸில் சாக்கெட் என்பது நிரலுக்கு வெறும் ஓர் எண். புதிதாக ஒன்றைத் திறந்தால், காலியாக இருக்கும் எண்களில் மிகச் சிறியதை லினக்ஸின் உட்கருவான கெர்னல் கொடுக்கும். ஒரு த்ரெட் 7-இல் எழுதப் போகிறது; அதற்குள் இன்னொரு த்ரெட் 7-ஐ மூடிவிடுகிறது; அந்த இடைவெளியில் வரும் புதிய இணைப்புக்கும் 7 கிடைக்கிறது. முதல் த்ரெட் பழைய ஆளின் பதிலைப் புதிய ஆளிடம் எழுதிவிட்டு நிம்மதியாகத் திரும்பும். பிழைச்செய்தி எதுவும் வராது. புதிய இணைப்பு வராதிருந்தால் 'பேட் ஃபைல் டிஸ்கிரிப்டர்' (இந்த எண் செல்லாது) என்றாவது கத்தியிருக்கும்.

சொல் பிறந்தது மென்பொருளில் அல்ல, மின்சுற்றில். 1954 வாக்கிலேயே டேவிட் ஹஃப்மன் தொடர்நிலைச் சுற்றுகள் (முந்தைய நிலையை நினைவில் வைத்து இயங்குபவை) பற்றிய ஆய்வில் இதைப் பயன்படுத்தியிருக்கிறார். கோப்புகளைச் சுருக்கும் ஹஃப்மன் குறிமுறைக்காரர்தான் இவர். இரண்டு சமிக்ஞைகள் ஒரே நேரத்தில் மாறும்போது எது முதலில் வந்து சேர்கிறது என்பதுதான் அங்கே 'ரேஸ்'. எது முந்தினாலும் முடிவு ஒன்றே என்றால் கவலையில்லை. முடிவு மாறினால்தான் ஆபத்து.

தமிழில் 'பந்தய நிலை' என்றால் குதிரைதான் நினைவுக்கு வருகிறது. 'போட்டி நிலை' பரவாயில்லை. ஆனால் ஒரே வளத்துக்கு இரண்டு பேர் காத்து நிற்பதையும் அதுவே குறித்துவிடும். முந்துநிலை என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. முடிவைக் கெடுக்கும் வகையை முந்துவழு எனலாம். வழு, வழாநிலை, வழுவமைதி என்று இலக்கணத்தில் படித்தவர்களுக்கு 'வழு' அந்நியமில்லை. நிரலின் பிழைகளைக் களையும் டீபக்கிங்குக்கு வழுநீக்கல் ஏற்கெனவே புழங்குகிறது.

சரி, முந்துவழுவை எப்படி நீக்குவது? வழுவைத் தேட நடுவில் ஒரு பிரின்ட்எஃப் (திரையில் அச்சிடும் கட்டளை) வைத்தால் நேரம் சற்றே தள்ளிப்போய் வழு ஒளிந்துகொள்ளும். இத்தகைய மோதல்களைக் கண்டுபிடிக்கும் கருவியான த்ரெட்சானிடைசரோடு கம்பைல் செய்து ஓட்டினால், எந்த இரண்டு த்ரெட்கள் எந்த வரியில் மோதின என்று காட்டும். அப்புறம், மூடும் வேலையை ஒரே த்ரெட்டிடம் விடுங்கள். மற்றவை ஷட்டவுன் (எண்ணை விடாமல் இணைப்பை மட்டும் நிறுத்தும் கட்டளை) மட்டும் அழைக்கட்டும். ரிசீவில் (தரவு வரக் காத்திருக்கும் அழைப்பில்) தூங்கும் த்ரெட் விழித்துக்கொள்ளும், எண்ணும் காலியாகாது. எல்லா த்ரெட்டும் வெளியேறிய பிறகே, எண்ணை விடுவிக்கும் குளோஸ்.