செங்கல் கருமி, இரும்பு வள்ளல்

ஒத்தக்கடையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருந்தார்: "மதுரையில் நாலு கடையில் பீட்சா தின்று பார்த்துவிட்டேன். எல்லாரும் மைதாவும் சீஸும்தான் போடுகிறார்கள். ஒரு கடையில் அடிப்பக்கம் அப்பளம் மாதிரி நொறுங்குகிறது. இன்னொரு கடையில் நனைந்த ரொட்டி மாதிரி தொங்குகிறது. விஷயம் மாவிலா, அடுப்பிலா?"

பெரும்பாலும் அடுப்பில்தான். ஆனால் அதை எழுதுமுன் நானே போய்ப் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. போன சனிக்கிழமை அக்கா மகனை வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்பினேன். எல்லாக் கடையிலும் வெறும் சீஸ் பீட்சாதான். தட்டு வந்ததும் ஒரு துண்டைக் கவிழ்த்து அடியைப் பார்ப்போம், அப்புறம்தான் வாயில் வைப்போம்.

பைபாஸ் ரோட்டுக் கடையில் நகரும் கம்பி வலை அடுப்பு. மேலும் கீழும் சூடான காற்று பீய்ச்சி அடிக்க, பீட்சா ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வந்துவிடுகிறது. அடி ஒரே சீரான வெளிர் பொன்னிறம், குறை சொல்ல முடியாது. அழகர்கோவில் ரோட்டில் ஒருவர் கொட்டகை போட்டுச் செங்கல் அடுப்பு கட்டியிருக்கிறார். அங்கே துண்டைத் திருப்பினால், நெய் தோசையில் விழுவதுபோல அங்கங்கே கருஞ்சிவப்புப் புள்ளிகள். பிய்க்கும்போது சத்தம் கேட்டது. அடுப்புத் தளத்தின் சூடு எவ்வளவு என்று கேட்டேன். "முந்நூத்தி முப்பது வச்சிருக்கேன் சார்" என்றார்.

கே.கே. நகர்க் கடையில்தான் இந்தக் கட்டுரைக்கான விஷயம் கிடைத்தது. அந்தத் தம்பி மின்சார அடுப்பு வைத்திருக்கிறார். செங்கல் அடுப்புக்கு 330 டிகிரி செல்சியஸ் என்று அவரும் எங்கேயோ கேள்விப்பட்டு, பரோட்டாக் கல் கனத்துக்கு ஓர் இரும்புத் தகடு வாங்கி உள்ளே போட்டு, அதே 330-க்கு ஏற்றியிருக்கிறார். ஒரு நிமிடத்தில் அடி கரிந்துவிடுகிறது, மேலே மாவு பச்சையாகவே நிற்கிறது. "அதே சூடுதானேண்ணே, எனக்கு மட்டும் ஏன் தீயுது?" என்று கேட்டார். பாவமாக இருந்தது.

அதே சூடுதான். ஆனால் மாவுக்குப் போய்ச் சேர்வது அதே சூடு அல்ல.

சித்திரை மாதம் மத்தியானம் மீனாட்சியம்மன் கோயில் ஆடி வீதியில் வெறுங்காலோடு நடந்தவர்களுக்கு இது தெரியும். கருங்கல்லில் கால் வைக்க முடியாது. பக்கத்தில் விரித்திருக்கும் நார் விரிப்பில் ஏறிவிட்டால் உயிர் வந்துவிடும். இரண்டிலும் விழுவது ஒரே வெயில்தான். பாதத்தைச் சுடுவது கல்லின் சூடு மட்டுமல்ல, அந்தச் சூட்டைக் கல் எவ்வளவு வேகமாக அள்ளிக் கொடுக்கிறது என்பதும்தான்.

இந்தக் குணத்தைக் கொடைத்தன்மை என்று சொல்லலாம். வெப்பம் கடத்தும் திறன், அடர்த்தி, தன்வெப்பம் (ஒரு கிலோ பொருளை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம்) மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வரும் எண் அது. மூன்று எதற்கு? கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். இலையில் சாம்பார் ஊற்றுபவர் கையில் ஒரு வாளிதான் இருக்கிறது. வாளி காலியானதும் சமையற்கட்டிலிருந்து அடுத்த வாளி வர வேண்டும். அண்டா நிறைய இருக்கிறதா என்பது அடர்த்தியும் தன்வெப்பமும். அதைக் கொண்டுவர ஆள் இருக்கிறதா என்பது கடத்தும் திறன். இரும்பில் இரண்டும் உண்டு. மேற்பரப்பு மாவுக்கு வெப்பம் கொடுத்துக் குளிரத் தொடங்கியதுமே உள்ளிருந்து அடுத்தது ஓடிவந்து நிற்கும். செங்கல்லிலும் அண்டா ஓரளவு நிறைந்துதான் இருக்கிறது, தூக்கிவரத்தான் ஆள் பற்றாது. அதன் மேல்தோல் கையில் இருந்ததைக் கொடுத்துவிட்டு, உள்ளிருந்து வரும்வரை காத்திருக்கும். அந்த நேரத்தில் அடிமாவு கரியாமல், ஈரம் ஆவியாகி, நிதானமாகச் சிவக்கிறது.

சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் தொடும் இடத்தில் வெப்பநிலை இரண்டுக்கும் நடுவே நிற்கும். சரிபாதியில் அல்ல, யார் பெரிய கொடையாளியோ அவர் பக்கம் சாய்ந்து நிற்கும். மாவின் கொடைத்தன்மையை 1 என்று வைத்துக்கொண்டால் அடுப்புச் செங்கல்லுக்கு ஏறக்குறைய 1.5. இரும்பு, எஃகு வகைகளுக்கு 10, சிலவற்றுக்கு அதற்கும் மேல். மாவு 20 டிகிரியில் இருக்கிறது, அடுப்பு 330. செங்கல்லுக்கு: 330-ஐ 1.5 ஆல் பெருக்கி, 20 கூட்டி, 2.5 ஆல் வகுத்தால் 206. இரும்புக்கு: 330-ஐ 10 ஆல் பெருக்கி, 20 கூட்டி, 11 ஆல் வகுத்தால் 302. பார்த்தீர்களா? ஒரே அடுப்புச் சூட்டில் மாவின் அடி ஒரு கடையில் 206, இன்னொரு கடையில் 302. எட்டாம் வகுப்புக் கணக்குதான். ஆனாலும் முதல் தடவை போட்டுப் பார்த்தபோது எழுந்து போய் வீட்டில் எல்லாரிடமும் சொன்னேன்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 140 டிகிரிக்கு மேல் மாவின் புரதமும் சர்க்கரையும் சேர்ந்து வேகமாகச் சிவந்து மணம் வரும். மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் விவரித்த வினை இது. 300-ஐத் தொட்டால் சீக்கிரமே கரிதான். நேபிள்ஸ் நகரத்துக்காரர்கள் தளத்தை 430 டிகிரி வரை ஏற்றினாலும், மாவில் ஈரம் அதிகம், 60 முதல் 90 வினாடிக்குள் வெளியே எடுத்துவிடுவார்கள். அதனால் தப்புகிறது.

பூக்குழியின் சூட்சுமமும் இதுவேதான். நீறு பூத்த கங்கு கருமியிலும் கருமி. பாதமோ பெரும்பாலும் நீர் நிறைந்த தசை. ஆகவே தொடும் இடத்தில் சூடு பாதத்தின் பக்கமே சாய்கிறது. வேகமாக நாலைந்து எட்டில் கடந்துவிட்டால் பலருக்குக் கொப்புளம் வருவதில்லை. நின்றால் சுடும். கங்கு காலில் ஒட்டினாலும் சுடும். விரதமும் வேண்டுதலும் அவரவர் மனசு, அதில் நான் தலையிடவில்லை. ஆனால் நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒரு அக்காவுக்குக் குழியில் கால் வெந்துவிட்டது. "சுத்தமில்லாம இறங்கியிருப்பா" என்று ஊரே பேசியது. புண் ஆறிய பிறகும் அந்தப் பேச்சு ஆறவில்லை. அவள் செய்த தப்பு, நடுவில் ஒரு வினாடி தயங்கி நின்றது மட்டும்தான். இதை அன்றைக்கு யாராவது ஒரு ஆசிரியர் எடுத்துச் சொல்லியிருக்கலாம் என்று இப்போதும் நினைக்கிறேன்.

இன்னொரு ஆதங்கமும் உண்டு. 2018-இல் இரண்டு இயற்பியலாளர்களும் ஓர் உணவு மானுடவியலாளரும் சேர்ந்து பீட்சா அடுப்பைப் பற்றி இதே கணக்கை முழுசாகப் போட்டு ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். நம் பரோட்டாக் கல்லுக்கு அப்படி ஒரு கட்டுரை வேண்டாமா? மாஸ்டர் கல்லில் தண்ணீர் தெளித்து, அது ஓடும் விதத்தைப் பார்த்தே சூட்டைச் சொல்கிறார். பரோட்டாவை ஓரிடத்தில் விடாமல் சுற்றிச் சுற்றித் திருப்புகிறார். வள்ளலிடம் எவ்வளவு வாங்க வேண்டும் என்று அவர் கைக்குத் தெரியும். நம் கல்லூரி ஆய்வகங்களுக்கு இதற்குச் சில லட்சம் கொடுத்தால் வீண்போகாது.

சரி, கே.கே. நகர்த் தம்பிக்கு வருவோம். கணக்கைத் திருப்பிப் போட்டால், இரும்பில் அதே 206 கிடைக்கத் தகடு 225 டிகிரியில் இருந்தால் போதும். சொன்னேன். குமிழைத் திருகிவிட்டு, தகடு ஆறும்வரை மூன்று பேரும் டீ குடித்தோம். அடுத்த பீட்சாவின் அடி பொன்னிறமாக வந்தது. மேலே சீஸ்தான் சரியாகச் சிவக்கவில்லை. மேல் கம்பிக்கும் பீட்சாவுக்கும் இடைவெளி அதிகம். தகட்டை ஒரு தட்டு உயர்த்தி வைக்கச் சொன்னேன். மூன்றாவது பீட்சாவை எங்களிடம் காசு வாங்காமல் கொடுத்தார்.

ஒத்தக்கடை வாசகருக்கு ஒரு குறிப்பு. நியூயார்க்கில் துண்டு துண்டாக விற்கும் கடைகளில், வெந்து ஆறிய துண்டை மறுபடி அடுப்புத் தளத்தில் வைத்துத்தான் தருவார்கள். மிச்சமான ஈரமும் போய் அடி இன்னும் மொறுமொறுவென்றாகும். உங்கள் வீட்டில் தோசைக்கல் இருக்கும். எண்ணெய் வேண்டாம். அடுப்பைச் சிறுதீயில் வையுங்கள், ஏனென்றால் அது இரும்பு.