ஃபோரன்சிக் சைக்கியாட்ரி: தடயமா, மன்றமா?

'ஃபோரன்சிக்' என்றதும் கைரேகையும் இரத்தக் கறையும்தான் நினைவுக்கு வருகின்றன. அந்தப் பழக்கத்தில், வழக்குகளில் ஒருவரின் மனநிலையைக் கணித்து நீதிமன்றத்துக்குச் சொல்லும் மருத்துவத் துறையான 'ஃபோரன்சிக் சைக்கியாட்ரி'யையும் 'தடயவியல் மனநல மருத்துவம்' என்று எழுதிவிடுகிறோம். சொல்லின் வேரைப் பார்த்தால் இது பொருந்தவில்லை.

லத்தீனில் 'ஃபோரம்' என்பது ஊர் நடுவே இருந்த பொதுவெளி. ரோமில் சந்தை, பேச்சு, வழக்கு எல்லாம் அங்கேதான். அதிலிருந்து பிறந்த 'ஃபோரென்சிஸ்' என்பதற்கு அந்த வெளிக்குரியது என்று பொருள். பின்னர் வழக்காடும் இடத்துக்குரியது என்று ஆயிற்று. தடயத்துக்கு அங்கே இடமே இல்லை. நமக்கோ நேர்ச்சொல் கையிலேயே இருக்கிறது: மன்றம். சங்கப் பாடல்களில் ஊரார் கூடும் பொதுவிடம் அது. இன்று 'நீதிமன்றம்' என்ற சொல்லுக்குள் குடியிருக்கிறது. ஃபோரம் நடந்த அதே வழியில் மன்றமும் நடந்து வந்திருக்கிறது.

'சைக்கியாட்ரி' கிரேக்க வேர்களைக் கொண்டு 1808இல் ஜெர்மானிய மருத்துவர் யோஹான் கிறிஸ்டியான் ரைல் உருவாக்கிய சொல். உள்ளம், மருத்துவர் என்ற இரண்டும் சேர்ந்தது. ஆகவே 'நீதிமன்ற உளமருத்துவம்' என்பதே என் தேர்வு.

கொலை வழக்குகள்தான் இத்துறைக்குப் பேர் வாங்கித் தந்தன என்றாலும், உயில் தகராறுகளிலும் இதற்கு நிறைய வேலை உண்டு. அங்கே இரண்டு கேள்விகள் எழும். எழுதியவருக்கு எழுதும் மனத்திறன் இருந்ததா? இருந்தாலும், எழுதியது அவர் விருப்பமா, பக்கத்தில் இருந்தவர் விருப்பமா?

முதல் கேள்விக்கு இன்றும் எடுத்துக்காட்டப்படுவது பேங்க்ஸ் எதிர் குட்ஃபெல்லோ என்ற 1870ஆம் ஆண்டு இங்கிலாந்து வழக்கு. கெட்ட ஆவிகளும், செத்துப்போன ஒருவரும் தன்னைத் துரத்துவதாக நம்பியவர் பேங்க்ஸ். ஆனாலும் அவர் உயில் செல்லும் என்றது நீதிமன்றம். செய்வது இன்னதென்று தெரிகிறதா, சொத்து எவ்வளவு என்று தெரிகிறதா, யார் யாருக்கு உரிமை உண்டென்று தெரிகிறதா, மனநோய் பாசத்தைத் திரித்துச் சொத்துப் பங்கீட்டை மாற்றிவிட்டதா என்பதே அளவுகோல். நோயின் பெயரைச் சொல்லி மட்டும் யாரையும் தள்ளிவிட முடியாது.

இரண்டாவது கேள்விக்குரிய ஆங்கிலச் சட்டச்சொல் 'அன்ட்யூ இன்ஃப்ளுயன்ஸ்'. இன்ஃப்ளுயன்ஸ் என்றால் உள்ளே பாய்வது. விண்மீன்களிலிருந்து ஏதோ ஒன்று மனிதருக்குள் இறங்கி விதியை மாற்றுகிறது என்ற சோதிட நம்பிக்கையிலிருந்து வந்தது. 'இன்ஃப்ளுயன்சா' காய்ச்சலும் இதன் உடன்பிறப்புதான். நம் 'செல்வாக்கு' வேறு மாதிரி: செல்லும் வாக்கு, யார் சொல் எடுபடுகிறதோ அது. எனக்கு இதுவே கூடுதல் தெளிவு. 'அன்ட்யூ'வைச் சேர்த்தால் 'தகாச் செல்வாக்கு'. 'மிகைச் செல்வாக்கு' என்பது அளவைச் சொல்கிறது. குற்றம் அளவில் இல்லை, தகுதியில்லாத இடத்தில் வாக்கு செல்வதில் இருக்கிறது.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, ஒப்பந்தங்களைப் பொறுத்தவரை, இதை விளக்குகிறது. முதுமை, நோய், மன அல்லது உடல் துயரம் ஆகியவற்றால் மனத்திறன் குன்றியவரோடு ஒருவர் ஒப்பந்தம் செய்தால், அவரை ஆட்டிவைக்கும் இடத்தில் இருப்பவராகவே கருதப்படுவார். உளமருத்துவர் பேசுவது இந்தக் குன்றலைப் பற்றி மட்டும்: எந்த அளவுக்கு மறதி, எந்த அளவுக்குப் பிறர்சார்பு, எவ்வளவு எளிதில் வளைவார் என்று. செல்வாக்கு நடந்ததா என்று சொல்வது நீதிபதியின் வேலை.

தமிழில் எழுதும் உயில்கள் இந்த இரண்டையும் எப்போதோ ஒரே வரியில் அடக்கிவிட்டன: 'நல்ல நினைவோடும், பிறர் தூண்டுதலும் வற்புறுத்தலும் இன்றியும்' எழுதுவதாக. முதல் பாதி மனத்திறன். மறுபாதி தகாச் செல்வாக்கு இல்லை என்ற உறுதி. உறுதி சொல்வது சான்றாகிவிடாது என்பதால்தான் மருத்துவரைக் கூப்பிடுகிறார்கள்.

பெரும்பாலும் அவர் வருவதற்குள் எழுதியவர் இறந்திருப்பார். பழைய மருத்துவக் குறிப்புகள், மாத்திரைச் சீட்டுகள், கடிதங்கள், கூட இருந்தவர்களின் வாய்மொழி ஆகியவற்றை வைத்தே அன்றைய மனநிலையைக் கணிக்க வேண்டும். அப்படியானால் இதுவும் தடயம்தானே என்று ஒருவர் மடக்கலாம். மடக்கட்டும். தேடுவது தடயமாக இருக்கலாம். ஆனால் ஆள் உயிரோடு எதிரே அமர்ந்து பதில் சொல்லும் வழக்கிலும் அந்த மருத்துவருக்குப் பெயர் மாறுவதில்லை.