ஒயரை வெட்டுவதற்கு முன்

"எந்த ஒயரோட எந்த ஒயரைச் சேர்க்கணும், அதை மட்டும் சொல்லுங்க சார்."

இரவில் வரும் போன்களில் இந்தக் கேள்வியைப் பலமுறை கேட்டிருக்கிறேன். வண்டிகளின் எலக்ட்ரிக்கல் வேலைதான் என் தொழில். இப்படிக் கேட்பவர்கள் திருடர்கள் இல்லை. சாவியைத் தொலைத்துவிட்டு, பிள்ளைகுட்டிகளோடு ஆள் நடமாட்டம் இல்லாத ரோட்டில் நிற்பவர்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு இரண்டு ஒயரை உரசினால் பொறி பறந்து இன்ஜின் உறுமும் என்று சினிமாவில் பார்த்தது அந்த நேரத்தில் நினைவுக்கு வந்துவிடுகிறது. நான் கேட்பது ஒன்றுதான்: ஸ்க்ரூடிரைவரைக் கீழே வையுங்கள், முதலில் சாவிக்கு என்ன ஆனது என்று சொல்லுங்கள்.

ஏன் இப்படிக் கேட்கிறேன் என்பதற்கு ஒரு சம்பவம். ஆற்றில் இறங்கிக் குளித்த ஒருவர் சட்டைப்பையில் ஸ்மார்ட் சாவியை, அதாவது பையில் இருந்தாலே கார் கண்டுகொள்ளும் சாவியை, மறந்து வைத்திருந்தார். கரையேறிப் பார்த்தால் சாவியில் பட்டன் வேலை செய்யவில்லை, கார் சாவியைக் கண்டுகொள்ளவில்லை. இருட்டிக்கொண்டு வந்தது. வண்டியில் வயதான அம்மா வேறு. பதற்றத்தில் ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைப் பெயர்த்து, ஸ்டார்ட் பட்டனுக்குப் போகும் ஒயர்களை வெட்டிவிட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது கிளிப்புகள் உடைந்து மிதியடியில் கிடந்தன. வெட்டிய ஐந்து ஒயர்களின் நுனியையும் பல்லால் கடித்து உரித்திருந்தார். சாவி டேஷ்போர்டில் ஒரு கைக்குட்டைக்குள் ஈரத்தோடு கிடந்தது.

டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, நிறம் பார்த்து ஒயர்களைச் சேர்த்து முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. அப்புறம் சாவியைத் திறந்து, உள்ளே இருந்த பட்டன் செல்லை எடுத்துப் போட்டுவிட்டு, ஈரத்தைத் துடைத்தேன். செல் இல்லாத அந்தச் சாவியின் தலையை ஸ்டார்ட் பட்டன் மேலேயே ஒட்டிப் பிடித்து, பிரேக்கை மிதித்து, சாவியாலேயே பட்டனை அமுக்கினேன். இன்ஜின் ஓடியது. சாவி சாகவே இல்லை. வண்டியை ஓடவிடாமல் நிறுத்தி வைத்திருந்தது அவர் வெட்டிய ஒயர்கள்தான். அந்த முக்கால் மணி நேரமும் அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் பின்சீட்டில் உட்கார்ந்திருந்ததை இன்னும் என்னால் மறக்க முடியவில்லை.

இது எப்படி நடக்கிறது என்று புரிந்துகொண்டால் பாதிப் பதற்றம் போய்விடும். இன்றைய சாவிக்குள் ஒரு சின்னச் சிப்பும் அதோடு காயில் எனப்படும் ஒரு கம்பிச் சுருளும் இருக்கும். சாவி நுழையும் லாக்கைச் சுற்றியோ ஸ்டார்ட் பட்டனுக்குப் பின்னாலோ இன்னொரு காயில் இருக்கும். பெரும்பாலும் 125 கிலோஹெர்ட்ஸ் அளவில் வண்டி ஒரு சிக்னலை அனுப்பும். அந்தச் சிக்னலிலிருந்தே சிப் தனக்கு வேண்டிய கரண்டை எடுத்துக்கொண்டு பதில் சொல்லும். அதனால்தான் செல் தீர்ந்தாலும் சாவியைக் கிட்டத்தில் கொண்டுபோனால் வண்டி அடையாளம் கண்டுகொள்கிறது. பதில் சரியாக இருந்தால் மட்டுமே கம்ப்யூட்டர் இன்ஜினை ஓட விடும். இதன் பெயர்தான் இம்மொபிலைசர்.

ஒயரைச் சேர்ப்பதால் இந்தப் பதில் கிடைக்காது. அதிகபட்சம் செல்ஃப் மோட்டார் சுற்றும், டீசலோ பெட்ரோலோ உள்ளே போகாது. சில வண்டிகள் இரண்டு விநாடி ஓடிவிட்டு அணையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 அக்டோபர் முதலும், ஆஸ்திரேலியாவில் 2001 ஜூலை முதலும், கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் புதுக் கார்களுக்கு இம்மொபிலைசர் கட்டாயமானது. கட்டாயம் இல்லாத இடங்களிலும் பெரும்பாலான கார்களில் அது இப்போது இருக்கிறது.

பழைய வண்டியாக இருந்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். சாவியை எடுத்துவிட்டால் ஒரு இரும்புப் பின் வந்து ஸ்டியரிங்கைப் பூட்டிக்கொள்ளும். இன்ஜினை எப்படியோ கிளப்பிக் கிளம்பினால், முதல் வளைவில் ஸ்டியரிங் திரும்பாது. ஸ்டியரிங்குக்குக் கீழே மஞ்சள் நிற உறையில் போகும் ஒயர்கள் ஏர்பேக்குக்கு உரியவை. பேட்டரியைக் கழற்றிய பிறகும் அதன் சர்க்யூட்டில் சிறிது நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். முகத்துக்கு நேரே அது வெடித்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகளில் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் சில நூறு வோல்ட் ஓடுகிறது. அதில் கை வைத்தால் உயிர் போகும்.

சரி, அப்படியானால் என்ன செய்வது? சாவி கையில் இருந்தும் வண்டி கிளம்பவில்லை என்றால் வழி பெரும்பாலும் பக்கத்திலேயே இருக்கிறது. ஸ்மார்ட் சாவியின் உடம்பில் ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருக்கும். அதைத் தள்ளி இழுத்தால் உள்ளேயிருந்து இரும்புச் சாவி வரும், கதவு திறக்கும். அலாரம் அலறினால் பயப்படாதீர்கள், சாவியை ஸ்டார்ட் பட்டனில் ஒட்டிப் பிடித்து அமுக்கினால் அடங்கிவிடும். சில மாடல்களில் சாவியை வைக்க வேண்டிய இடம் கப் ஹோல்டரிலோ கன்சோல் பெட்டிக்குள்ளோ இருக்கும். உங்கள் வண்டியில் எங்கே என்று கையேட்டில் இன்றைக்கே பார்த்து வையுங்கள்.

சாதாரணச் சாவி போட்டும் திரும்பவில்லையா? முன்சக்கரம் திரும்பி நிற்கும்போது ஸ்டியரிங் லாக் இறுகியிருக்கும். ஒரு கையால் ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் லேசாக ஆட்டிக்கொண்டே மறு கையால் சாவியைத் திருப்புங்கள். பலம் காட்டினால் சாவி உள்ளேயே முறியும். டேஷ்போர்டில் சாவிப் படம் போட்ட விளக்கு மினுக்குகிறதா? கொத்தில் வேறு வண்டியின் சிப் சாவி இருந்தால் கழற்றித் தூரமாக வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டி பார்க் (P) கியரில் கிளம்பாவிட்டால் பிரேக்கை மிதித்தபடி நியூட்ரலுக்கு மாற்றிப் பாருங்கள்.

சாவியைத் திருப்பியதும் 'டக் டக்' என்ற சத்தத்தோடு விளக்குகள் மங்கினால், குற்றம் சாவியின் மேல் இல்லை, பேட்டரி இறங்கிவிட்டது. நல்ல நிலையில் இருக்கும் பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12க்கு வந்துவிட்டாலே முக்கால்வாசி தீர்ந்தது என்று அர்த்தம். இன்னொரு வண்டி கிடைத்தால் கேபிள் போடலாம். சிவப்புக் கேபிளை முதலில் இறங்கிய பேட்டரியின் பிளஸ்ஸிலும், பிறகு நல்ல பேட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டுங்கள். கறுப்பை நல்ல பேட்டரியின் மைனஸில் மாட்டி, மறுமுனையை இறங்கிய வண்டியின் இன்ஜினில் பெயின்ட் இல்லாத இரும்பில் கவ்வ விடுங்கள். அதைப் பேட்டரியிலேயே மாட்டக் கூடாது. பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் வாயு இருக்கும், கடைசியாக மாட்டும் இடத்தில்தான் பொறி பறக்கும். கழற்றுவது அப்படியே தலைகீழ் வரிசையில். தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் வண்டிக்கு மட்டும். அதற்கும் சாவி ஆன் நிலையில் இருக்க வேண்டும், இரண்டாவது கியரில் கிளட்சை விட வேண்டும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. ஸ்மார்ட் சாவி வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போது சாவி வெளியே விழுந்துவிட்டால் எச்சரிக்கை ஒலி வரும், ஆனால் இன்ஜின் பொதுவாக நிற்காது. அந்த நிலையில் வழியில் நிறுத்தி அணைத்துவிட்டால் மறுபடி கிளம்பாது. அதனால் பாதுகாப்பான, ஆட்கள் இருக்கும் இடம் போய்ச் சேரும்வரை அணைக்காதீர்கள்.

சாவி உண்மையிலேயே போய்விட்டது, அக்கம்பக்கத்தில் யாரும் இல்லை. இந்த நிலையில் வண்டியை ஓட்டும் எண்ணத்தை விட்டுவிட வேண்டும். ஆனால் வண்டியை விட்டு நடந்துபோகாதீர்கள். தேடி வருபவர்களின் கண்ணுக்குத் தனி மனிதரைவிட வண்டி சீக்கிரம் படும். அபாய விளக்கு சாவி இல்லாமலும் எரியும், பல வண்டிகளில் ஹாரனும் அடிக்கும். மூன்று முறை அடித்து, இடைவெளி விட்டு, மறுபடி மூன்று முறை. மூன்று என்பது ஆபத்துக்கான அடையாளமாக உலகம் முழுக்கப் பழகிப்போனது. போனில் உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் அவசர உதவி எண் 112ஐ அழைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால் போன் அதைப் பிடித்துக்கொள்ளும். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் உட்காராமல் அதன் நிழலில் உட்காருங்கள். குளிரென்றால் உள்ளேயே இருங்கள்.

குழந்தை உள்ளே இருக்க, சாவியும் உள்ளே மாட்டிக்கொண்டால் மட்டும் ஒரு நிமிடம்கூட யோசிக்க வேண்டாம். அவசர உதவிக்குப் போன் போடும்போதே, குழந்தைக்குத் தள்ளியிருக்கும் பக்கக் கண்ணாடியின் மூலையில் கூர்மையான இரும்பால் ஓங்கி அடியுங்கள். முன் கண்ணாடியில் மெனக்கெடாதீர்கள். அது இரண்டு அடுக்குக் கண்ணாடி, விரிசல் விடுமே தவிர வழி விடாது.

ஸ்பேர் சாவி விஷயத்தில் நான் கொஞ்சம் கோபப்படுவேன். ஒரு சாவி கையில் இருக்கும்போது இன்னொன்றைப் பதிவு செய்வது எளிது. இரண்டும் தொலைந்த பிறகு வந்தால் செலவும் நாளும் பல மடங்கு. தூரப் பயணத்தில் ஸ்பேர் சாவி வண்டிக்குள் இருக்கக் கூடாது, கூட வரும் இன்னொருவர் பையில் இருக்க வேண்டும். ஆற்றங்கரைக்காரர் இப்போது அதைத் தன் அம்மாவின் கைப்பையில்தான் வைக்கிறார். சாவியின் செல்லை மாற்றும்போது மட்டும் என்னிடம் கொண்டுவருவார். புது செல் போடுவதற்கு முன், செல் இல்லாமலே ஒரு தடவை பட்டனில் ஒட்டிப் பிடித்து ஸ்டார்ட் செய்து பார்த்துக்கொள்கிறார்.