அழுத்தம் ஏறினால் கேபி ஏறாது, கண்ணுகளா

போன வாரம் கும்பகோணத்தில் பிளஸ் ஒன் விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். மூன்றாவது தாளிலேயே பேனாவை மூடி வைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டேன். "மொத்த அழுத்தம் 8 மடங்கானதால் கேபியும் 8 மடங்காகும்" என்று இருந்தது. எழுதியவன் நன்றாகப் படிக்கிற பையன்.

வருஷா வருஷம் இதே கூத்து. கேபி என்பது வாயுக்களின் பகுதி அழுத்தங்களை வைத்து எழுதும் சமநிலை மாறிலி. அதை அசைக்க வெப்பநிலையால் மட்டும்தான் முடியும். பெயரிலேயே மாறிலி என்று இருக்கிறதே அப்பா!

சரி, போட்டே பார்ப்போம். பிஸ்டன் வைத்த கலனில் 1 மோல் பாஸ்பரஸ் பென்டாகுளோரைடு. மொத்த அழுத்தம் 1 வளிமண்டலமாக இருக்கையில் பாதி சிதைந்து டிரைகுளோரைடும் குளோரினும் ஆகிறது. மூன்றும் 0.5 மோல், மொத்தம் 1.5. ஒவ்வொன்றின் பகுதி அழுத்தமும் (மொத்த அழுத்தத்தில் அந்த வாயுவின் பங்கு) மூன்றில் ஒரு வளிமண்டலம். டிரைகுளோரைடு, குளோரின் இரண்டின் பகுதி அழுத்தங்களைப் பெருக்கி பென்டாகுளோரைடினதால் வகுத்தால் கேபி 0.333.

வெப்பநிலையைத் தொடாமல் பிஸ்டனை அழுத்தி 8 வளிமண்டலத்தில் நிறுத்துங்கள். நம் பையன் பழைய மோல்களையே வைத்துக்கொண்டு 8ஆல் பெருக்கினான், 2.667 வந்தது. அது கேபி அல்ல, வினைகுணகம். அதாவது சமநிலைக்கு வராத நேரத்தில் அதே பெருக்கல் வகுத்தல் தருகிற எண். கேபியைவிடப் பெரிதாக இருப்பதால்தான் வினை பின்னோக்கி நகர்கிறது. நகர்ந்து முடிந்ததும் சிதைவு 20 சதவீதம்தான். மோல்கள் 0.8, 0.2, 0.2, மொத்தம் 1.2. பகுதி அழுத்தங்கள் 5.333, 1.333, 1.333. பின்னவை இரண்டையும் பெருக்கி முன்னதால் வகுங்கள். மறுபடியும் 0.333!

மேட்டூர் தண்ணீர் வந்து நடவு முடிந்ததும் நம் ஊரே யூரியாவுக்கு அலைகிறதே, அதற்கு வேண்டிய அம்மோனியாவிலும் இதே கணக்குதான். நைட்ரஜனும் ஹைட்ரஜனுமாக நான்கு மோல் வாயு இரண்டு மோல் அம்மோனியாவாகச் சுருங்குவதால் அழுத்தம் ஏற ஏற அம்மோனியா கூடுகிறது. (ஆலையின் 200 வளிமண்டல அழுத்தத்தில் வாயுக்கள் பாடப்புத்தகம் சொல்கிறபடி நடக்காது. அது கல்லூரிக் கதை, இப்போது வேண்டாம்.)

தயவுசெய்து முதலில் மோல் அட்டவணை போடுங்கள். மொத்த மோலைக் கூட்டாமல் பகுதி அழுத்தத்துக்குத் தாவாதீர்கள். கேபியிலிருந்து கேசிக்கு (செறிவுகளை வைத்து எழுதும் சமநிலை மாறிலி) மாறும்போது மோல் வித்தியாசத்தில் வாயுக்களை மட்டும் எண்ணுங்கள். திடப்பொருளான கால்சியம் கார்பனேட்டை எண்ணுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அழுத்தம் வளிமண்டலத்தில், கனஅளவு லிட்டரில் என்றால் வாயு மாறிலி ஆர் 0.0821. அப்புறம் வெப்பநிலை கெல்வினில். 27 என்று அப்படியே போட்டால் மார்க் கிடையாது, வீட்டிலிருந்து யார் வந்து கேட்டாலும் கிடையாது.