வெந்நீருக்கு எத்தனை டிகிரி வேண்டும்?

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் சூலியா தெருவை ஒட்டிய சந்து ஒன்றில், பழைய கடைவீட்டைத் தங்கும் விடுதியாக்கி நடத்திவரும் ஒருவர் சென்ற ஆண்டு என்னை அழைத்து, காற்றின் வெப்பத்தை எடுத்துத் தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்கக்கூடிய உயர்வெப்ப ஹீட் பம்ப் ஒன்றுக்கு விலை கேட்டார். அவரிடம் ஏற்கெனவே 60 டிகிரி இயந்திரம் ஒன்று நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஆனாலும் பின்கட்டு அறைகளுக்கு வெந்நீர் வெதுவெதுப்பாகத்தான் வருகிறது என்று விருந்தினர்கள் குறைப்பட்டுக்கொண்டிருந்தார்கள். புறப்படும்போதே கூடுதல் சூட்டோடு அனுப்பினால், கடைசி அறைக்குப் போய்ச் சேரும்போது கொஞ்சமாவது மிஞ்சும் என்பது அவர் கணக்கு. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பினாங்கிலும் கோலாலம்பூரிலும் கட்டடங்களின் குளிரூட்டல், வெந்நீர் அமைப்புகளை வடிவமைத்துப் பராமரித்து வரும் எனக்கு இந்தக் கணக்கு புதிதல்ல. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படித்தான் யோசித்தேன்.

போய்ப் பார்த்தபோது இயந்திரத்தைத் திறப்பதற்கு முன்பே விடை கைக்குத் தட்டுப்பட்டது. மாடி நடையோரச் சுவர் சூடாக இருந்தது. பின்முற்றத்துத் தொட்டியிலிருந்து கிளம்பி முன்வாசல் வரை சென்று மீண்டும் தொட்டிக்கே திரும்பும் செப்புக் குழாய், சுமார் 50 மீட்டர் நீளத்துக்கு எந்த வெப்பக்காப்பும் இன்றி ஓடிக்கொண்டிருந்தது. அதில் நீரைச் சுற்றவிடும் சிறு பம்பு இருபத்து நான்கு மணி நேரமும் நிற்காமல் இயங்கியது. 22 மில்லிமீட்டர் விட்டமுள்ள வெற்றுச் செப்புக் குழாயில் 60 டிகிரி நீர் ஓடினால், நம்முடைய தட்பவெப்பத்தில் ஒவ்வொரு மீட்டரும் சுமார் 25 வாட் வெப்பத்தை வெளியே விடும். 50 மீட்டருக்கு 1,250 வாட். ஒரு நாளைக்கு 30 யூனிட். இருபது பேர் தங்கி, ஆளுக்கு 40 லிட்டர் சுடுநீர் பயன்படுத்துவதாக வைத்துக்கொண்டால், அந்த 800 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்தத் தேவைப்படும் வெப்பம் 31 யூனிட்தான். விருந்தினர்கள் குளித்த அளவுக்கு அந்த வீட்டுச் சுவர்களும் தினமும் வெந்நீரில் குளித்துக்கொண்டிருந்தன. அந்த வெப்பத்தை வெளியேற்ற ஒவ்வோர் அறையின் ஏர்கோனும் தனியாக மின்சாரம் செலவழித்தது என்பதை உரிமையாளர் எதிர்பார்க்கவே இல்லை.

நீரை 80 டிகிரிக்கு உயர்த்தியிருந்தால் இந்த இழப்பு ஒன்றரை மடங்குக்கும் மேலாகியிருக்கும். பின்கட்டு அறைகளின் குறையும் தீர்ந்திருக்காது, ஏனெனில் அங்கே பிரச்சினை சூடு அல்ல, ஓட்டம். சுற்றும் நீர் எளிதான முன்பக்க வழியாகவே திரும்பிவிட, பிற்பாடு சேர்த்துக் கட்டிய பின்னறைகளின் கிளைக்குழாயில் நீர் தேங்கி ஆறிக் கிடந்தது. குழாய் முழுவதற்கும் வெப்பக்காப்பு உறை போட்டு, ஓட்டத்தைக் கிளைகளுக்குச் சரியாகப் பகிர்ந்து தரும் இரண்டு சமநிலை வால்வுகள் பொருத்தி, பின்கட்டுக்கும் சுற்றோட்டம் கிடைக்கச் செய்தோம். 60 டிகிரி இயந்திரமே இன்றும் அங்கு ஓடுகிறது.

இப்படிப்பட்ட இடங்களில் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றுதான்: இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்குமுன் வெப்பநிலையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹீட் பம்ப் வெப்பத்தை உண்டாக்குவதில்லை. காற்றில் இருக்கும் வெப்பத்தை எடுத்து நீருக்குள் ஏற்றுகிறது. ஏர்கோன் அறையின் வெப்பத்தை வெளியே தள்ளுகிறதே, அதே வேலைதான். தள்ளப்படும் வெப்பம் இங்கே தொட்டிக்குள் போகிறது. கிணற்றிலிருந்து நீர் இறைப்பதைப் போல, எவ்வளவு உயரத்துக்கு ஏற்றுகிறோமோ அவ்வளவு உழைப்பு. 200 லிட்டரை 27 டிகிரியிலிருந்து 55 டிகிரிக்குக் கொண்டுவர ஆறரை யூனிட் வெப்பம் வேண்டும். மின்சாரத்தால் நேராக நீரைச் சூடாக்கும் சாதாரண எலிமென்ட் ஹீட்டர் அதற்கு ஆறரை யூனிட் மின்சாரத்தையும் விழுங்கும்; நம் ஊர்க் காற்றில் நல்ல ஹீட் பம்ப் ஏறத்தாழ இரண்டு யூனிட்டில் முடித்துவிடும். ஆனால் இலக்கை உயர்த்தும் ஒவ்வொரு டிகிரிக்கும் அதன் திறன் சுமார் 2 சதவீதம் குறையும். 80 டிகிரி நீரில் வந்துசேரும் ஒவ்வொரு யூனிட் வெப்பத்துக்கும் 55 டிகிரியைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல் மின்சாரம் போகும்; கம்ப்ரசரின் ஆயுள் குறைவதைச் சொல்லவே வேண்டாம்.

இதே கேள்வி எனக்கு இங்கிலாந்திலிருந்தும் வந்தது. லெஸ்டர் நகரில் 1930களில் கட்டப்பட்ட வீடொன்றில் வசிக்கும் என் அக்கா மகள், “மாமா, பழைய வீட்டுக்கு 75 டிகிரி தரும் ஹீட் பம்ப்தான் சரிப்படும் என்கிறார்களே, உண்மையா?” என்று கேட்டாள். அங்கே குளிக்க மட்டுமல்ல, வீட்டைச் சூடாக்கவும் சுடுநீர்தான்; எரிவாயுக் கொதிகலனில் 70, 75 டிகிரிக்குச் சூடான நீர், சுவரோரம் பொருத்திய ரேடியேட்டர்களுக்குள் ஓடி அறைகளுக்கு வெப்பம் தரும். எரிவாயுவைக் கைவிட்டு ஹீட் பம்ப்புக்கு மாறும் வீடுகளுக்கு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அரசு 7,500 பவுண்டு வரை மானியம் தருகிறது. சிக்கல் ரேடியேட்டரின் பரப்பில் இருக்கிறது. அறை 20 டிகிரியாகவும் ரேடியேட்டருக்குள் நீர் சராசரியாக 70 டிகிரியாகவும் இருந்தால் இடைவெளி 50 டிகிரி. நீரை 50 டிகிரிக்கு இறக்கினால் இடைவெளி 30 ஆகி, அதே ரேடியேட்டர் பாதி வெப்பத்தைத்தான் தரும். அதனால்தான் பழைய ரேடியேட்டர்களை அப்படியே வைத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் உயர்வெப்ப இயந்திரத்தைத் தேடுகிறார்கள்.

நான் அவளிடம் எதையும் வாங்கச் சொல்லவில்லை. கடுங்குளிர் விழும் வாரம் ஒன்றில், இருக்கும் கொதிகலனின் நீர் வெப்பநிலையை 55 டிகிரிக்கு இறக்கி வைத்துவிட்டு, எந்த அறை குளிர்கிறது என்று மட்டும் குறித்துக்கொள்ளச் சொன்னேன். பழைய ரேடியேட்டர்கள் பலவும் தேவைக்குமேல் பெரிதாகப் போடப்பட்டவை. அதோடு பரணுக்கு வெப்பக்காப்பும் இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களும் பிற்காலத்தில் சேர்ந்த வீடுகளுக்கு, கட்டிய காலத்தில் வேண்டியிருந்த வெப்பம் இன்று வேண்டியதில்லை. அவள் வீட்டில் குளிர்ந்தது ஒரே ஓர் அறை, சன்னல் புடைத்து நிற்கும் முன்னறை. அங்கிருந்த ஒற்றைத் தகட்டு ரேடியேட்டரை இரட்டைத் தகடாக மாற்றினார்கள். வெளியே குளிர் எவ்வளவோ அதற்கேற்ப நீரின் சூட்டைத் தானே கூட்டிக் குறைக்கும் சாதாரண ஹீட் பம்ப்பே போதுமானதாக இருந்தது. தடித்த கற்சுவர் வீடுகள், ரேடியேட்டரை மாற்ற அனுமதியில்லாத பாதுகாக்கப்பட்ட கட்டடங்கள் போன்றவற்றுக்கு உயர்வெப்ப இயந்திரம் உண்மையாகவே தேவைப்படலாம். சோதித்துப் பார்த்த பின் அதை வாங்குவதில் தவறில்லை.

வெப்பநிலையைக் குறைக்கலாம் என்பதற்காக விருப்பம்போல் குறைத்துவிடவும் கூடாது. லெஜியோனெல்லா என்னும் நுரையீரல் தொற்றுக் கிருமி ஏறத்தாழ 20 முதல் 45 டிகிரி வரையிலான நீரில் பெருகும். 60 டிகிரியில் சாகும். மின்சாரத்தை மிச்சம் பிடிப்பதாக நினைத்துத் தொட்டியை 45 டிகிரியில் வைத்திருந்த முதியோர் இல்லம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். நுரையீரல் வலுவிழந்த முதியவர்கள் இருக்கும் இடத்தில் செய்யக்கூடாத சிக்கனம் அது. விடுதி, முதியோர் இல்லம், மருத்துவ நிலையம் ஆகியவற்றில் தொட்டி 60 டிகிரியிலும், சுற்றித் திரும்பும் நீர் 50 டிகிரிக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். தினமும் தண்ணீர் தீர்ந்து புதிதாக நிரம்பும் குடும்ப வீட்டில் 55 டிகிரியில் வைத்து, வாரம் ஒருமுறை 60 டிகிரிக்கு மேல் ஏற்றும்படி அமைத்துக்கொள்ளலாம். மறுபக்கம், 60 டிகிரி நீர் சில விநாடிகளிலேயே தோலை வெந்துபோகச் செய்யும். குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் அந்த விநாடிகள்கூடக் கிடைக்காது. ஆகவே தொட்டியில் 60, குளியலறையில் 40 சொச்சம் என்று கலந்து தரும் தெர்மோஸ்டாட் கலப்பு வால்வு கட்டாயம் வேண்டும். விலைப்பட்டியலில் முதலில் வெட்டப்படுவது இந்த வால்வுதான் என்பது என் நெடுநாள் வருத்தம்.

இனி, ஹீட் பம்ப்பே வேண்டாத வீடுகள். நால்வர் குடும்பம், இரண்டு குளியலறை, தொட்டியின்றி ஓடும் நீரையே சூடாக்கும் உடனடி ஹீட்டர் என்றால் நான் பெரும்பாலும் இருப்பதை மாற்றாதீர்கள் என்றே சொல்கிறேன். நம் குழாயில் வரும் நீரே 27 டிகிரி, 3.5 கிலோவாட் உடனடி ஹீட்டர் நிமிடத்துக்கு ஐந்து லிட்டரைப் பத்து டிகிரி உயர்த்திவிடும், குளிக்க அதுவே போதும். எட்டு நிமிடக் குளியலுக்கு அரை யூனிட்டுக்கும் குறைவு; நால்வர் இருவேளை குளித்தாலும் நாளொன்றுக்கு நான்கு யூனிட்டைத் தாண்டாது. ஹீட் பம்ப் வைத்தால் தொட்டி ஆறுவதால் வரும் இழப்பையும் சேர்த்து இரண்டு யூனிட்டுக்குக் கொஞ்சம் குறைவாகச் செலவாகும். மிச்சமாகும் இரண்டு யூனிட்டைக் கொண்டு பல ஆயிரம் ரிங்கிட் முதலீட்டை மீட்க, இயந்திரத்தின் ஆயுளே போதாமல் போகலாம்.

ஆனால் கோலாலம்பூரில் ஈப்போ சாலையிலும் பழைய கிள்ளான் சாலையிலும் உள்ள பழைய வரிசை வீடுகளில் மூன்று தலைமுறை ஒன்றாக வாழ்ந்து, நான்கைந்து குளியலறைகள் கட்டிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். அங்கே நான் பார்ப்பது மின்கட்டணத்தை அல்ல, ஒயரிங்கை. மூன்று உடனடி ஹீட்டர்கள் ஒரே நேரத்தில் ஓடினால் 46 ஆம்பியர் வரை இழுக்கும். ஏர்கோன்களும் மின்னடுப்பும் அதன் மேல். அந்தக் காலத்து ஒற்றைக்கட்ட (சிங்கிள் பேஸ்) மின் இணைப்பும் முதுமையடைந்த கம்பிகளும் இதற்காகப் போடப்பட்டவை அல்ல. வீட்டு அளவிலான ஹீட் பம்ப்பின் கம்ப்ரசர் ஐந்து ஆம்பியருக்குள் வேலையை முடித்துவிடும், அதுவும் யாரும் குளிக்காத நேரத்தில். 2025 ஜூலையிலிருந்து நடப்புக்கு வந்த புதிய கட்டண அமைப்பில் நேரவாரிக் கட்டணத்தைத் தேர்ந்தெடுத்த வீடுகளுக்கு, வேலைநாள்களில் பிற்பகல் 2 முதல் இரவு 10 வரையே கட்டணம் கூடுதல். காலை 11 மணிக்கு மேல், காற்று நன்றாகச் சூடேறிய பின், 2 மணிக்குள் தொட்டியைச் சூடாக்கிவிட்டால் இரண்டு வகையிலும் லாபம்.

ஹீட் பம்ப்புக்குள் சுற்றி வெப்பத்தைச் சுமக்கும் வாயு எது என்ற கேள்விக்கும் வெப்பநிலையே விடை தரும். ஆர்134ஏ வாயுவில் ஓடும் இயந்திரம் 60 டிகிரிக்கு எளிதாகப் போகும். ஆர்290 என்பது புரொப்பேன். 70, 75 டிகிரி தரும், சுற்றுச்சூழலுக்கும் தீங்கு மிகக் குறைவு, ஆனால் தீப்பற்றக்கூடியது என்பதால் சன்னல், சாக்கடை வாய் ஆகியவற்றிலிருந்து விலகித் திறந்தவெளியில் வைக்க வேண்டும். கரியமில வாயுவைக் கொண்ட ஹீட் பம்ப்புகள் ஜப்பானில் 2001 முதல் வீடுகளில் பயன்படுகின்றன. 90 டிகிரி வரை தரும். அவற்றின் குணம் அறியாமல் வாங்குகிறவர்கள் ஏமாறுவார்கள்: உள்ளே வரும் நீர் குளிர்ந்ததாக இருந்தால்தான் அவற்றின் திறன் வெளிப்படும். சுற்றோட்டக் குழாயிலிருந்து 50 டிகிரியில் திரும்பும் நீரை நேராக அவற்றுக்குள் விட்டால் திறன் சரிந்துவிடும். ரேடியேட்டர் வீடுகளில் அவை அவ்வளவாகப் பரவாததற்கும் இதுவே முக்கியக் காரணம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நடத்தும் ஒருவர், பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கடைசி அலசலுக்கு 82 டிகிரி வேண்டும் என்பதற்காகக் கடை முழுவதற்கும் 85 டிகிரி நீர் கேட்டார். 60 டிகிரி நீரை எல்லாவற்றுக்கும் கொடுத்து, கடைசி அலசலுக்கு மட்டும் அந்த இயந்திரத்துக்குள்ளேயே இருக்கும் சிறு எலிமென்ட்டை ஓடவிட்டதில் வேலை முடிந்தது.

வைக்குமிடத்தைப் பற்றிச் சுருக்கமாக: நீர் நிரம்பிய 200 லிட்டர் தொட்டி கால் டன்னுக்கு மேல் கனக்கும், ஆகவே கடைவீடுகளின் மரத்தள மாடியில் ஏற்றாதீர்கள். மூடிய அறைக்குள் வைத்தால் இயந்திரம் தன்னிலிருந்து வெளிவந்த குளிர்காற்றையே மீண்டும் உறிஞ்சித் திணறும். தஞ்சோங் பூங்கா, பத்து பிரிங்கி போன்ற கடலோரங்களில் உப்புக்காற்று அலுமினியத் தகடுகளை அரிக்கும் என்பதால் பூச்சிட்ட தகடுகளைக் கேட்டு வாங்குங்கள். சாதாரண பிவிசி குழாயில் 60 டிகிரி நீரை விடவே விடாதீர்கள்.

கடைசியாக, கோலாலம்பூர் செந்தூலில் ஒரு வீட்டில் நடந்தது. ஹீட் பம்ப் பொருத்தி இரண்டாண்டு கழித்து மின்கட்டணம் திடீரென ஏறியது. கம்ப்ரசரின் வாயு கசிந்து தீர்ந்துவிட, தொட்டிக்குள் உதவிக்கென்று வைக்கப்பட்ட எலிமென்ட் முழுப் பாரத்தையும் பல மாதங்களாகச் சுமந்திருக்கிறது. வெந்நீர் தடையின்றி வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. பொருத்திய நிறுவனம் எலிமென்ட்டை நிரந்தரமாக இயங்கும் நிலையில் விட்டுப் போயிருந்தது. அதை அணைத்து வைத்து வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளலாம் என்று யாரும் சொல்லவில்லை. இப்போது எலிமென்ட்டுக்குத் தனிச் சுவிட்சும், அது ஓடும்போது எரியும் சிவப்பு விளக்கும் வைத்திருக்கிறோம். வேலை முடிந்து கிளம்புமுன் அந்த வீட்டுப் பாட்டியிடம், இயந்திரம் ஓடும்போது விசிறியிலிருந்து வரும் காற்று குளிர்ந்திருந்தால் எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். நண்பகலில் காய்ந்த துணி எடுக்கப் பின்பக்கம் போகும் அவர், விசிறிக்கு முன்னால் கையை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறாராம்.