ஹஷ்காஹா என்றால் கண்ணோக்கம்

கடவுள் உலகைக் கவனித்து நடத்துகிறார் என்பதை யூதர்கள் 'ஹஷ்காஹா' என்ற எபிரேயச் சொல்லால் குறிக்கிறார்கள். இதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் 'விதி' என்ற சொல் சட்டென்று கைக்கு வந்துவிடும். தவறு அங்கேதான் தொடங்குகிறது. விதி ஏற்கெனவே எழுதி முடிந்தது. ஊழ் என்பதோ செய்த வினையின் பயன், தானே தேடி வந்து சேரும். யாரும் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஹஷ்காஹாவில் ஒருவர் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தச் சொல்லுக்கு உயிரே அந்தப் பார்வைதான்.

ஷின், கிமெல், ஹேத் என்ற மூன்று எழுத்துகள் அதன் வேர். உற்றுப் பார்த்தல் என்று பொருள். விவிலியத்தில் இது வினையாகத்தான் வருகிறது, பெயர்ச்சொல்லாக இல்லை. உன்னதப்பாட்டு 2:9இல் காதலன் பலகணி வழியாகப் பார்க்கிறானே, அங்கே இந்த வேர்தான். சங்கீதம் 33:14இல் கடவுள் தம் இருப்பிடத்திலிருந்து பூமியின் குடிகளைப் பார்ப்பதும் இதே வினைதான். பிற்பாடு யூத மெய்யியலாளர் மைமோனிடிஸ் அரபியில் எழுதிய 'திகைத்தோருக்கு வழிகாட்டி' நூலைச் சாமுவேல் இப்னு திப்போன் 1204இல் எபிரேயத்தில் பெயர்த்து முடித்தார். 'இனாயா' என்ற அரபுச் சொல்லுக்கு அவர் வைத்தது ஹஷ்காஹா. இனாயா என்றால் அக்கறை. இப்படிப் பார்வையோடு அக்கறையும் சேர்ந்துகொண்டது.

இந்த வேர் இன்றைக்குச் சமையலறையிலும் புழங்குகிறது. யூத உணவு நெறிப்படி சமைக்கும் கோஷர் உணவகத்தின் மேற்பார்வையாளருக்கு 'மஷ்கியாஹ்' என்று பெயர். கீரையை இலை இலையாக எடுத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பூச்சி இருக்கிறதா என்று பார்ப்பவர் அவர். இறையியல் நூலைவிட இந்தக் காட்சிதான் எனக்குச் சொல்லை நன்றாக விளக்கியது.

சரி, தமிழில் என்ன சொல்வது? கத்தோலிக்கர்கள் சொல்லும் 'இறைப்பராமரிப்பு' நல்ல சொல். ஆனால் அதில் கண் இல்லை. 'கண்காணிப்பு' என்பதில் கண் இருக்கிறது, கூடவே சந்தேகமும் இருக்கிறது. கேமரா நினைவுக்கு வருகிறது. விடை பழைய தமிழ் விவிலியத்திலேயே கிடக்கிறது. மேலே சொன்ன சங்கீதத்தில் கடவுள் 'கண்ணோக்கமாயிருக்கிறார்' என்றே மொழிபெயர்த்திருக்கிறார்கள். கண்ணோக்கம்! பார்வையும் பரிவும் ஒரே சொல்லில் அமைந்துவிட்டன. 'ஹஷ்காஹா ப்ராத்தித்' என்றால் ஒவ்வொருவர்மேலும் தனித்தனியே இருக்கும் பார்வை. அதைத் தனிக் கண்ணோக்கம் எனலாம்.

அந்தப் பார்வை எதுவரை எட்டும் என்பதில்தான் பெரிய விவாதம். ஓர் இலை உதிர்வதும் சிலந்தி ஈயைப் பிடிப்பதும் வெறும் தற்செயல் என்றார் மைமோனிடிஸ். அவரைப் பொறுத்தவரை தனிக் கண்ணோக்கம் மனிதருக்கு மட்டுமே, அதுவும் அவரவர் அறிவு கடவுளை எட்டும் அளவுக்கு. கப்பல் மூழ்கியது தற்செயலாக இருக்கலாம், அதில் இன்னார் ஏறியது தற்செயலல்ல என்பது அவர் தரும் எடுத்துக்காட்டு. 18ஆம் நூற்றாண்டில் ஹசீதியம் என்ற யூத பக்தி இயக்கத்தைத் தொடங்கிய பால் ஷேம் தோவின் வழிவந்தவர்கள் அதே இலையை எடுத்துக்கொண்டு, அது எந்தப் பக்கம் புரள்கிறது என்பதும் கண்ணோக்கத்தால்தான் என்று கற்பித்தார்கள்.

தற்செயலுக்கு எபிரேயச் சொல் 'மிக்ரே'. 'நேர்தல்' என்ற வேரிலிருந்து வந்தது. விவிலியக் கதையொன்றில் கதிர் பொறுக்கப் போன ரூத் என்ற பெண், போவாஸ் என்பவரின் வயலில் போய் நிற்கிறாள். தமிழ் விவிலியம் அங்கே 'தற்செயலாய்' என்கிறது. மூலத்தில் இருப்பதோ ஏறக்குறைய 'அவளுடைய நேர்வு நேர்ந்தது'. ஆகவே மிக்ரேவுக்கு 'நேர்வு' என்பதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது. கடவுள் நடத்தினார் என்றும் அந்த வரி சொல்லவில்லை, நடத்தவில்லை என்றும் சொல்லவில்லை.

அப்புறம் மனிதனின் பங்கு. அது 'பெஹிரா'. இதைச் 'சுயவிருப்பம்' என்றால் பாதிதான் வரும். மூலப் பொருள் தெரிவு செய்தல். இஸ்ரேலில் தேர்தலுக்கும் இதன் பன்மையான 'பெஹிரோத்' தான் பெயர். தமிழிலும் தேர்தல் என்பது தேர்ந்தெடுத்தல்தானே! 'தன்தெரிவு' என்று சொல்லலாம்.

எல்லாம் கடவுளின் பார்வையில் என்றால் தெரிவுக்கு இடம் ஏது? பழங்கால யூத அறிஞர் ரப்பி அகிவா சொன்னதாக, யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா தரும் வாக்கு, 'எல்லாம் ட்சாஃபுய், ஆயினும் உரிமை தரப்பட்டிருக்கிறது' என்கிறது. ட்சாஃபுய் என்பதை 'முன்பே அறியப்பட்டது' என்று பலர் படிக்கிறார்கள். மிஷ்னாவின் உரையாசிரியர் பெர்ட்டினோரோ அப்படிப் படிக்கவில்லை, 'பார்க்கப்படுகிறது' என்று படித்தார். காவற்காரனைக் குறிக்கும் 'ட்சோஃபே'யும் இதே வேரில் வந்த சொல்தான். மனிதன் உள்ளறையில் செய்வதும் கடவுளுக்குத் தெரிகிறது என்று உரை எழுதினார் அவர்.